சர்வரின் மரண வாக்குமூலம்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனிலிருந்து ராஜபாளையம் பக்கம் ஒரு ரயில் கிளம்புகிறது. கிளம்பிய நேரத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் மாஸ்டர் தன் ரிஜிஸ்டரில் எழுதுகிறார். தகவல் கிடைத்ததும் ராஜபாளையத்தில் இருப்பவரும் தன் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்கிறார். ஒரே சேதி, இரண்டு ஊரில் இரண்டு நோட்டு. ஏதாவது அசம்பாவிதம் என்றால் விசாரணைக்கு வருபவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு நோட்டு தொலைந்தாலும், யாராவது அடித்துத் திருத்தினாலும், அடுத்த ஊர் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

ரயில்வேக்கு நூறு வருஷம் முன்பே பழகிப்போன இந்த சங்கதி கம்ப்யூட்டர்களுக்குள் வந்து சேர்ந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது. அதில் ஒரு கணக்குப் பிழை வருகிறது, ஒரு ஜெர்மன் உளவாளி வருகிறான், கடைசியில் இந்திய அரசின் உத்தரவு ஒன்றும் வருகிறது.

முதலில் சின்னதாக ஒரு விளக்கம். லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் அடிமடியில் இருப்பது கர்னல். மெமரி, ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் மேய்ப்பது அதுதான். மேய்க்கும்போது அது சும்மா இருக்காது, புலம்பிக்கொண்டே இருக்கும். "இந்த டிஸ்கில் ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை", "மெமரி தீர்ந்துவிட்டது, ஒரு புரோகிராமைக் கொல்கிறேன்" என்கிற ரீதியில். இந்தப் புலம்பல்கள் மெமரியில் ஒரு வட்டமான இடத்தில் சேரும். இடம் நிரம்பினால் பழையதை அழித்துவிட்டு அதன் மேல் புதியது எழுதப்படும். சர்வர் நன்றாக இருக்கும் வரை லாக் வாங்கி எழுதுவதற்கென்றே ஓடும் இன்னொரு புரோகிராம் இதை எடுத்து ஹார்டு டிஸ்கில் எழுதி வைக்கும்.

சிக்கல் எங்கே என்றால், கர்னலே விழுந்துவிட்டால்? கர்னல் பானிக் என்பார்கள். அந்த நொடியில் எழுதி வைக்கும் புரோகிராம் ஓடாது. டிஸ்கை நம்பி எழுதவும் முடியாது, ஒருவேளை குழப்பமே டிஸ்க் டிரைவரில் இருக்கலாம். மெமரியில் இருப்பது ரீஸ்டார்ட் செய்தால் போச்சு. ஆக, மற்ற நாளெல்லாம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் சர்வர், ஏன் செத்தது என்கிற ஒரே ஒரு முக்கியமான வரியை மட்டும் எழுதாமல் போய்விடும்! மரண வாக்குமூலத்தை இறப்பவரே எழுதி வைப்பதில்லை, மாஜிஸ்திரேட்டோ டாக்டரோ பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்கிறார். சர்வருக்கும் அப்படி ஒருவர் தேவை.

சரி, கதைக்கு வருவோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். 1980-களின் தொடக்கம். அதற்குத் துணையாக அவர் எழுதிய சின்ன ஏற்பாடுதான் சிஸ்லாக். மெயில் மட்டுமல்ல, எந்த புரோகிராம் வேண்டுமானாலும் தன் சேதியை இதனிடம் கொடுக்கலாம். சேதியின் அவசரத்தைச் சொல்ல 0 முதல் 7 வரை எண்கள் உண்டு. 0 என்றால் வீடு பற்றி எரிகிறது, 7 என்றால் வெட்டிப் பேச்சு. முக்கியமான விஷயம், சேதியை அதே மெஷினில் எழுதலாம் அல்லது யூடிபி வழியாக 514-ஆம் போர்ட்டில் இன்னொரு மெஷினுக்கு அனுப்பலாம். அடுத்த ஸ்டேஷன் நோட்டு!

உலகமே இதைப் பயன்படுத்த ஆரம்பித்த பிறகும் முறையான விதி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய மாதிரி எழுதியது. 2001-ல் வந்த ஆர்எஃப்சி 3164 கூட "இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது" என்று நடப்பைப் பதிவு செய்த ஆவணம்தான். ஒழுங்கான தரவிதி 2009-ல், ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 5424-ஆக வந்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு தாமதம். அரசாங்க ஆபீஸை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

நடுவில் நடந்ததுதான் காமர்ஸ் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1986 ஆகஸ்ட். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியல் ஆராய்ச்சியாளர் இருந்தார். டெலஸ்கோப் வேலைக்கு வந்த பணம் தீர்ந்துபோனதால் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றப்பட்டவர். அங்கே கம்ப்யூட்டர் நேரத்துக்கு வாடகை உண்டு, கணக்குப் போட இரண்டு தனித்தனி புரோகிராம்கள் உண்டு. இரண்டும் அந்த மாதம் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் 75 சென்ட்.

முக்கால் டாலர்தானே என்று எழுதித் தள்ளியிருக்கலாம். டிரையல் பேலன்ஸ் ஒரு ரூபாய் இடித்தால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் எத்தனையோ பேர். ஸ்டோல் விடவில்லை. தோண்டினால், யாரோ ஒருவன் சில நொடிகள் காசு கட்டாமல் மெஷினைப் பயன்படுத்தியிருக்கிறான். மேலும் தோண்டினால், அவன் சூப்பர் யூசர் அதிகாரத்தையே பிடித்து வைத்திருக்கிறான். அப்படியென்றால் அந்த மெஷினில் இருக்கும் லாக் எதையும் நம்ப முடியாது. திருடன் கையிலேயே சாவியும் நோட்டும் இருக்கிறதே.

ஸ்டோல் செய்தது ரொம்ப எளிமையான காரியம். வார இறுதியில் ஆபீஸ் ஆபீஸாகப் போய் பிரிண்டர்களையும் டெலிபிரிண்டர்களையும் இரவல் வாங்கி வந்து, வெளியிலிருந்து உள்ளே வரும் லைன்களில் மாட்டிவிட்டார். வந்தவன் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் மெஷினுக்கு வெளியே, காகிதத்தில் விழுந்தது. கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு தேடினாலும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. காகிதத்தை டெலிட் செய்யவும் முடியாது. கடைசியில் ஜெர்மனியின் ஹானோவரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவன் பிடிபட்டான். அமெரிக்க ராணுவ கம்ப்யூட்டர்களில் திருடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்குப் போயிருந்தன. 1990-ல் ஹெஸ்ஸும் கூட்டாளிகளும் உளவுக் குற்றத்துக்காக தண்டிக்கப்பட்டார்கள்.

சாட்சி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது திருட்டுக்குப் பொருந்துகிற மாதிரியே சாவுக்கும் பொருந்தும். ஆனால் செத்துக்கொண்டிருக்கும் கர்னலால் சிஸ்லாக் வழியாகப் பேச முடியாது, காரணத்தை மேலேயே பார்த்தோம். பழைய வழி சீரியல் கேபிள். ஒவ்வொரு சர்வரின் முதுகிலிருந்தும் ஒரு ஒயரை இழுத்து இன்னொரு மெஷினில் செருகுவது. பத்து சர்வருக்கு சரி, ஆயிரம் சர்வருக்கு?

2001 செப்டம்பரில் ரெட்ஹாட் நிறுவனத்தில் இருந்த இங்கோ மோல்னார் என்ற ஹங்கேரிக்காரர் இதற்கு நெட்கன்சோல் என்ற தீர்வைக் கொண்டுவந்தார். ஏற்கெனவே செருகியிருக்கும் நெட்வொர்க் கேபிளையே பயன்படுத்துவது. வழக்கமான நெட்வொர்க் பாதை எதையும் தொடாமல், கர்னலே ஒரு யூடிபி பாக்கெட்டைத் தன் கையால் கட்டி நேராக கார்டிடம் கொடுத்துவிடும். யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், ஐபி முகவரி மட்டுமல்ல, எதிர் கார்டின் மேக் முகவரி வரைக்கும். சாகிற நேரத்தில் நின்று வழி கேட்டுக்கொண்டிருக்க முடியாதல்லவா! 2003-ல் மாட் மெக்கால் இதை 2.6 கர்னலுக்குக் கொண்டுவந்தபோது நெட்போல் என்ற பகுதியைத் தனியாகப் பிரித்தார். கார்டு மணி அடித்துக் கூப்பிடும் வரை காத்திராமல், கர்னலே போய் அதைத் தட்டித் தட்டிக் கேட்கும் முறை. பானிக் சமயத்தில் மணி வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. யூடிபி என்பது சாதாரணத் தபால் மாதிரி, போனால் போயிற்று, ரசீது கிடையாது. சேதி முழுக்க வெளிப்படையாகப் போகும், வழியில் இருப்பவர் படிக்கலாம், அதே மாதிரி பொய்ச் சேதியும் எழுதி அனுப்பலாம். முதல் குறைக்கு 2015-ல் டேஜூன் ஹியோ ஒரு பாதி மருந்து கொடுத்தார். ஒவ்வொரு வரியோடும் வரிசை எண்ணையும் அனுப்புவது. வவுச்சர் 41-க்கு அப்புறம் 43 இருந்தால் ஆடிட்டர் என்ன கேட்பார்? அதே கேள்வியை இப்போது லாக் வாங்கும் மெஷினும் கேட்கலாம். தொலைந்தது திரும்ப வராவிட்டாலும், தொலைந்தது என்பதாவது தெரியும். கணக்கு உலகில் இதுவே பெரிய விஷயம். 2023-ல் பிரெனோ லெய்டாவ் செய்த மாற்றத்தால் சேதியோடு கர்னலின் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்ப முடிகிறது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் வெவ்வேறு கர்னலில் ஓடும் இடங்களில்தான் இதன் அருமை தெரியும்.

இதெல்லாம் அமெரிக்கா, ஐரோப்பா கதை, இங்கே என்ன? கூடங்குளம் இருக்கிறது. 2019 அக்டோபர் கடைசியில் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று இணையத்தில் பேச்சு கிளம்பியது. 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம், ஆம், ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது உண்மை, செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அமைப்பு தங்களுக்குச் சொல்லிவிட்டது என்றது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கம்ப்யூட்டர் அது, உள்ளே இருக்கும் முக்கியமான நெட்வொர்க்கோடு தொடர்பில்லாதது என்றும் விளக்கியது. ஒரே நாள் இடைவெளியில் இரண்டு அறிக்கை. எந்த மெஷினில், எந்தத் தேதியில், எவ்வளவு தூரம் உள்ளே வந்தார்கள் என்பதை அறிக்கையைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, லாக் இருந்தால்தான் முடியும்.

அதே செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. சம்பவங்களை ஆராயும்போது சில இடைவெளிகள் தடையாக இருக்கின்றன என்று காரணமும் சொன்னது. இனி எல்லா நிறுவனங்களும் தங்கள் எல்லா கம்ப்யூட்டர் அமைப்புகளின் லாகையும் 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகை சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லாக் கடிகாரங்களும் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். ஆனால் இரண்டு ஸ்டேஷன் கடிகாரமும் பத்து நிமிஷம் வித்தியாசப்பட்டால் இரண்டு ரிஜிஸ்டர் இருந்து என்ன பயன்?

கம்பெனிக் கணக்குகளுக்கும் ஏறக்குறைய இதே சமயத்தில் இதே கட்டாயம் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தடம் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் அணைத்து வைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி. ஆடிட்டர்கள் இதைப் பார்த்துத் தங்கள் அறிக்கையில் எழுதவும் வேண்டும்.

செர்ட்-இன் உத்தரவுக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்ற பகுதியைப் பார்த்து, எக்ஸ்பிரஸ் விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களையே எடுத்துக்கொண்டு கிளம்பின. சர்வர் ஏன் விழுந்தது என்று எழுதுவது வேறு, அதில் யார் என்ன செய்தார் என்று எழுதுவது வேறு. இரண்டையும் ஒரே உத்தரவில் கட்டியது அவசரம் என்றுதான் தோன்றுகிறது.

லாகைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி வேறு. 180 நாள் போதுமா? ஸ்டோலின் 75 சென்ட் 1986 ஆகஸ்டில் இடித்தது. ஹானோவரில் ஹெஸ்ஸின் கதவைப் போலீஸ் தட்டியது 1987 ஜூனில். 180 நாள் கணக்குப்படி அந்த முதல் நாள் காகிதம் பிப்ரவரியிலேயே எடைக்குப் போயிருக்கும்.