ரோஸி நுழைய முடியாத கொட்டகை

சினிமாக் கொட்டகையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் ஒரு ஏக்கம் வந்துவிடுகிறது. மணல் தரை, முறுக்கு, ரீல் மாற்றும்போது விழுகிற இடைவேளை, விசில். தேங்காய்ப்பட்டணம் மாதிரியான கடற்கரை ஊர்களில் நமக்கு முதலில் ஞாபகம் வருவது கூரைதான். காயல் தண்ணீரில் ஊறப்போட்ட ஓலையை முடைந்ததிலும், தொண்டு தல்லிக் கயிறு பிரித்ததிலும் நம்ம பெண்களின் கை இருந்தது. அதே கூரைக்கு அடியில் மணலைக் குவித்துக் கொஞ்சம் உயரமாக உட்கார்ந்தால் போதும், பின்னாலிருந்து "தலையைத் தாழ்த்துலே" என்று சத்தம் வரும்.

கொட்டகைக்குள் சாதி கிடையாது என்று சொல்வார்கள். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது குலம் அல்ல, காசு என்று ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி 1981-இல் எழுதினார். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசின் கோவில்கள் 1936 நவம்பர் 12-ஆம் தேதிப் பிரகடனம் வரை நமக்கு மூடியே கிடந்தன. அப்படிப்பட்ட நாட்டில் சில்லறையைக் கொடுத்தால் உள்ளே விடுகிற ஒரு இடம் வந்ததே பெரிய காரியம். ஆனால் தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட் தனித்தனி. தரையில் இருந்தவன் யார்? கூலிக்காரன். கூலிக்காரன் யார்? குலத்தைக் காசாக மாற்றிக் கொடுத்த கணக்குதான் அது.

இது பார்க்கிறவர்கள் கதை. திரையில் தெரிகிறவர்கள் கதை இதைவிட மோசம்.

மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் நம்ம மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் 1900-இல் பிறந்த ஜே.சி. டேனியல், நாடார். நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். பெண்கள் நடிக்க முன்வராத காலம். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகையும் சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் கிடைத்தவர் பி.கே. ரோஸி. புலையர் சமூகத்துப் பெண், கூலி வேலை செய்தவர், காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். படத்தில் அவருக்கு சரோஜினி என்ற நாயர் பெண் வேடம். டேனியலே கதாநாயகன்.

திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்ட தேதி 1928 நவம்பர் 7 என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பிற்பாடு கிடைத்த விளம்பர நோட்டீஸை வைத்து 1930 அக்டோபர் 23 என்கிறார்கள். தேதியில் சண்டை இருக்கிறது, நடந்ததில் சண்டை இல்லை. தொடங்கி வைக்க வந்தவர் மள்ளூர் கோவிந்தப்பிள்ளை, பெரிய வக்கீல். ரோஸி உள்ளே இருந்தால் தான் தொடங்கி வைக்க முடியாது என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. தான் நடித்த படத்தின் முதல் காட்சிக்கு வெளியே நின்றார் ரோஸி. உள்ளே, ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வந்தது பொறுக்கவில்லை. கூச்சல், கல்வீச்சு. திரை கிழிந்தது. ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தவர்கள் செய்த வேலை இது! பிறகு ரோஸியின் குடிசையைக் கொளுத்தினார்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக ஒரு லாரியில் ஏறித் தப்பினார். லாரி வந்து சேர்ந்தது நாகர்கோவிலுக்கு. அன்றைக்கு அதுவும் திருவிதாங்கூர்தான், தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். லாரி ஓட்டிய கேசவபிள்ளையையே கலியாணம் செய்தார். அவர் நாயர். அதன்பின் ரோஸி இல்லை, ராஜம்மாள். திரையில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்டவர், உயிர் பிழைக்க ஆயுசு முழுக்க அதே வேடத்தைப் போட வேண்டியிருந்தது. பிள்ளைகள் தகப்பன் சாதியில் வளர்ந்தார்கள். 1988-இல் இறந்தார்.

டேனியலும் நொடித்துப்போனார். பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து, அகஸ்தீஸ்வரத்துக்குத் திரும்பி 1975-இல் செத்துப்போனார். நாகர்கோவிலுக்கும் அகஸ்தீஸ்வரத்துக்கும் இருபது கிலோமீட்டர் கூட இல்லை. அவர் தமிழ்நாட்டுக்காரர், படமோ மௌனப்படம் என்று கேரள அரசு முதலில் கைவிரித்தது. பிற்பாடு 1992-இல் அவர் பெயரிலேயே விருது வைத்தார்கள். ரோஸிக்கு அதுகூட நடக்க இன்னும் காலம் ஆயிற்று. குன்னுகுழி மணி தேடி எழுதினார். வினு ஆபிரகாமின் நாவல் வந்தது. 2013-இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' வந்தது. 2019-இல் கேரளத்து சினிமாப் பெண்கள் அவர் பெயரில் திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் முகப்பில் அவர் ஓவியம். ஓவியம்தான். 'விகதகுமாரன்' படச்சுருளில் ஒரு அடிகூட மிஞ்சவில்லை.

மள்ளூர் கோவிந்தப்பிள்ளை பெயர் தெரிகிறது. கல்லெறிந்தவர்களில், குடிசைக்குத் தீ வைத்தவர்களில் ஒருத்தன் பெயராவது வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறதா?

நம்ம கடற்கரைக் கொட்டகைகளும் அப்படித்தான் போயின. லைசென்ஸ் முடிந்தால் பிரித்து வேறு இடத்தில் கட்டுகிற டூரிங் கொட்டகைக்கு ஆவணம் ஏது? எழுபது எண்பது வயதுக்காரர்கள் மட்டும் இருக்கிறார்கள். படத்தின் பெயரைக் கேட்டால் உடனே சொல்வார்கள். எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.