ராயக்கோட்டையில் யாருமில்லை

பாங்க் வேலையாக இரண்டு வருஷம் ராயக்கோட்டையில் இருந்தேன். மலையும் அதன்மேல் கோட்டையும் தினமும் கண்ணில் படும். கீழே தக்காளிக் கூடைகளும் லாரிகளுமாக ஒரே இரைச்சல். இதே மலையை 1857-58இல் எடுத்த போட்டோக்களில் மனித அரவமே இல்லை. அந்த வெறுமைதான் என்னை முதலில் தொந்தரவு செய்தது.

எடுத்தவர் காப்டன் லின்னேயஸ் டிரைப், கம்பெனியின் மதராஸ் ராணுவத்து அதிகாரி. லீவில் இங்கிலாந்து போனபோது போட்டோக் கலையைப் பழகிக்கொண்டவர். 1854இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைச் சொந்த ஆர்வத்தில் எடுத்தார். அடுத்த ஆண்டு மதராஸ் கண்காட்சியில் அவற்றுக்குப் பரிசு கிடைத்தது. 1855இல் பர்மா தூதுக்குழுவோடு போனார். 1856இல் மதராஸ் அரசாங்கம் அவரையே தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில், வடக்கே கலகம் இன்னும் ஓயாத சமயத்தில், பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த ராயக்கோட்டை 1965இல் தர்மபுரிக்கும் 2004இல் கிருஷ்ணகிரிக்கும் போயிற்று. அதற்கெல்லாம் முன்பே, 1791இல், திப்புவின் வசமிருந்த இந்தக் கோட்டையைக் கம்பெனி பிடித்துவிட்டிருந்தது.

இந்தக் கடைசித் தகவலை வைத்துக்கொண்டு நான் ஒரு கூட்டத்தில் பேசினேன். பிடித்தவனின் கண்ணுக்கு நிலம்தான் தெரியும், குடிகள் தெரியமாட்டார்கள் என்றேன். நண்பர்கள் தலையாட்டினார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

செய்முறையைப் பிறகுதான் படித்தேன். அன்று வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம் வெயிலில் அதிலுள்ள ஈதர் நொடியில் ஆவியாகும். டிரைப் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகடிவ். அதை முன்கூட்டியே தயார்செய்து எடுத்துப் போகலாம். இந்த வசதிக்கு விலை, தாமதம். நிமிஷக்கணக்கில் லென்ஸ் திறந்திருக்க வேண்டும். அதற்குள் நடந்து போகிற மனிதனும் மாடும் தடயமின்றிக் கரைந்துவிடுவார்கள். ஆக, நான் ஆதிக்கம் என்று வாசித்தது பாதிக்குமேல் ரசாயனம். என் பேச்சை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஆனால் விஷயம் அதோடும் முடியவில்லை. அந்தக் காகிதம் நீல ஒளிக்கு அதிகம் கூசும். வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் இதை ஏற்கவில்லை. தூரிகை எடுத்து நெகடிவில் மேகங்களைத் தீட்டினார், இலைகளையும் திருத்தினார். காகிதம் விட்டுவிட்ட வானத்தைத் திரும்பக் கொண்டுவந்தவருக்கு, அது விட்டுவிட்ட ஆட்கள் குறையாகப் படவில்லை. அரசாங்கம் கேட்டது கட்டடங்களையும் இடங்களையும்தான் என்று அவர் தரப்பில் சொல்லலாம். அசையாமல் நிற்கச் சொன்னால் நின்றிருக்கக்கூடியவர்கள் அன்றும் இருந்தார்கள் என்று இந்தத் தரப்பிலும் சொல்லலாம். ரசாயனம் முடிகிற இடத்தில்தான் தேர்வு தொடங்குகிறது. விமர்சனமும் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அசையாததை அந்தக் காகிதம் அபாரமாக வாங்கிக்கொண்டது. 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை இருபத்தொரு நெகடிவ்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். அடுத்த வருஷம் கவர்னராக வந்த டிரெவெலியன் இதெல்லாம் ஆடம்பரம் என்றார். 1860இல் கடை கட்டியாயிற்று.

ராயக்கோட்டையை விட்டு வருவதற்கு முன் நானும் ஒன்று செய்து பார்த்தேன். சந்தை கூடிய காலையில் காமிராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸுக்கு முன் கறுப்புக் கண்ணாடி மாட்டி, நான்கு நிமிஷம் திறந்து வைத்தேன். அத்தனை கூட்டமும் மறைந்துபோயிற்று. புளியமரத்தடியில், கூடைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி மட்டும் பதிந்திருந்தாள்.

இப்போது டிரைப்பின் படங்களைப் புரட்டும்போது கோட்டையை விட்டுவிட்டு மரநிழல்களைத்தான் முதலில் பார்க்கிறேன்.