ஏவ்பரிக் கற்கள்

இங்கிலாந்தின் வில்ட்சயர் நாட்டுப்புறத்திலே ஏவ்பரி என்னும் சிற்றூர் உளது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் நிறுத்தப்பெற்ற கல்வட்டத்தினுள்ளேயே ஊரின் ஒரு பகுதி அமைந்திருப்பது வியப்பே. 1649ஆம் ஆண்டில் வேட்டைக்குச் சென்ற ஜான் ஆப்ரி இதன் அருமையை உணர்ந்தார்.

ஆயினும், அழிவு நின்றபாடில்லை. ஊரார் கற்களைத் தீயிற் சுட்டு, தண்ணீரூற்றிப் பிளந்து, வீடுகட்டக் கொண்டுபோயினர். உழுது பிழைப்போருக்குக் கல் கல்லாகத்தானே தோன்றும்! 1719 முதல் பலமுறை வந்த வில்லியம் ஸ்டூக்லி, அழிவைக் கண்டு நொந்து, எஞ்சியவற்றை வரைந்துவைத்தார். அவ்வரைபடங்கள் இல்லையேல் பல கற்கள் நின்ற இடமே தெரிந்திராது.

1930களில், மார்மலேட் வணிகத்தாற் செல்வமுற்ற குடும்பத்தவரான அலெக்சாண்டர் கீலர் நிலத்தை விலைக்கு வாங்கினார். இடைக்காலத்திற் புதைக்கப்பட்ட கற்களை அகழ்ந்து நிமிர்த்தினார். மறைந்தவற்றின் இடத்தில் காங்கிரீட் அடையாளங்களை நட்டார். 1938இல் ஒரு கல்லின்கீழ் 14ஆம் நூற்றாண்டு மனிதனொருவனின் எலும்புக்கூடு கிடைத்தது. உடன் கத்தரிக்கோலும் நாணயங்களும் இருந்தன.

பணி அரியதே. ஆனால், பழைமைக்கு இடந்தர வட்டத்தினுள் இருந்த வீடுகள் சில இடிக்கப்பட்டன. கல்லை உடைத்து வீடு கட்டிய ஊரில், கல்லுக்காக வீடு உடைந்தது! 1943இல் தேசிய அறக்கட்டளை கீலரிடமிருந்து அவ்விடத்தை வாங்கியது. எஞ்சிய வீடுகளிலே மக்கள் இன்றும் வாழ்கின்றனர். காண வருவோர் கற்களைத் தொட்டும் பார்க்கலாம்.