தெற்காசிய மண்டலத் தர அமைப்பு

சார்க் நாடுகள் தங்கள் பொருள்களுக்கான தரநிலைகளை ஒன்றோடொன்று இசைவாக்கிக்கொள்ள ஏற்படுத்திய அமைப்பு, சுருக்கமாக சார்சோ. இதற்கான உடன்படிக்கை 2008 ஆகஸ்டில், கொழும்பில் நடந்த 15ஆவது சார்க் உச்சி மாநாட்டில் கையெழுத்தாகி, 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. செயலகம் டாக்காவில் உள்ளது. 2006இல் நடைமுறைக்கு வந்த தெற்காசியத் தடையற்ற வர்த்தக உடன்படிக்கை சுங்கவரியைக் குறைக்க வழிவகுத்தது. வரி இறங்க இறங்க, அதுவரை அதன் நிழலில் கிடந்த வேறொரு தடை கண்ணில் பட்டது. எல்லையில் மாதிரி எடுத்து, தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, முடிவு வரும்வரை லாரியை நிறுத்திவைத்தால், வாடகையும் கெட்டுப்போகும் சரக்கும் சேர்ந்து வரிச்சலுகையை விழுங்கிவிடும்.

பிஸ்கட், சர்க்கரை, சணல் பொருள்கள் போன்றவற்றுக்கு சார்சோ பொதுத் தரநிலைகளை வகுத்தது. ஆனால் வணிகரைத் தடுப்பது பெரும்பாலும் தரநிலைகளுக்கு இடையிலான வேறுபாடு அல்ல. ஒரு நாட்டின் சோதனை அறிக்கையை அடுத்த நாடு நம்பாததுதான். சர்க்கரையின் ஈரப்பத அளவில் உடன்படுவது எளிது, அந்த அளவை டாக்காவில் பார்த்தவர் சரியாகத்தான் பார்த்தார் என்று கொல்கத்தா ஒப்புக்கொள்வது கடினம். உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் உடன்படிக்கையும் 1995 முதல் இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறது: சர்வதேசத் தரநிலைகளை அடிப்படையாகக் கொள்வது ஒன்று, பிற நாட்டுச் சோதனை முடிவுகளை இயன்றவரை ஏற்பது மற்றொன்று. சார்க் நாடுகளும் இதை அறியாமலில்லை. சோதனை, சான்றிதழ் ஆகியவற்றைப் பரஸ்பரம் ஏற்பதற்கென 2011 நவம்பரில் மாலத்தீவின் அட்டு நகரில் தனி உடன்படிக்கையே கையெழுத்திட்டன. எழுத்தில் இருக்கும் அந்த ஏற்பு எல்லைச் சாவடியை எட்டுவதில்தான் சுணக்கம்.

பிறர் சான்றிதழை ஏற்றால் கலப்படப் பண்டமும் உள்ளே வந்துவிடாதா என்பது நியாயமான அச்சம். ஆசியான் நாடுகள் இதற்கு ஒரு வழி கண்டன. 2003இல் கையெழுத்தாகி 2008இல் நடைமுறைக்கு வந்த அழகுப்பொருள் நெறிமுறையின்படி, விற்பனைக்கு முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை, அறிவித்தால் போதும். கடைக்கு வந்த பொருளைச் சோதித்துத் திரும்பப் பெறும் அதிகாரம் அரசிடமே இருக்கிறது. கட்டுப்பாட்டைக் கைவிடவில்லை, இடம் மாற்றினார்கள். உணவுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அங்கே ஆய்வுக்கூடத்தின் திறனை முன்கூட்டியே மதிப்பிட்டாக வேண்டும்.

உலக அளவில் தரநிலைகளை வகுக்க ஐஎஸ்ஓவும், உணவுக்கெனக் கோடெக்ஸும் இருக்கும்போது மண்டல அமைப்பு எதற்கு என்போரும் உண்டு. சணலை எடுத்துக்கொண்டால் பதில் கிடைக்கும்: உலகச் சணலில் பெரும்பகுதி இந்தியாவிலும் வங்கதேசத்திலும் விளைகிறது, அதன் தரத்தைப் பேச இவர்களை விடப் பொருத்தமானவர் யார்? ஆனால் அதே சணல்தான் சார்சோவின் எல்லையையும் காட்டுகிறது. வங்கதேச, நேபாளச் சணல் பொருள்கள்மீது இந்தியா 2017 ஜனவரியில் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. வழக்கு விலையைப் பற்றியது, தரநிலை அங்கே உதவாது.

2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் சார்க் உச்சி மாநாடே கூடவில்லை, இனி இருதரப்பு ஏற்பாடே வழி என்பது மற்றொரு வாதம். இந்திய, வங்கதேசத் தர நிறுவனங்கள் 2015இல் அப்படியோர் ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டன. அவ்வழி விரைவானதுதான், ஆனால் நேபாளமோ பூட்டானோ இந்தியாவுடன் தனியே பேசும்போது, எந்தப் பொருளை முதலில் எடுப்பது என்பதைப் பெரிய சந்தையே தீர்மானிக்கும். எட்டு நாடுகள் அமரும் மேசையில் சிறிய நாடும் தன் பொருளை முன்வைக்கலாம்.