கால் அங்குலத்தின் கதை

துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைக்கும் போர்வையில் எவர் கண்ணுக்கும் தெரியாத பகுதி ஒன்று உண்டு. இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துவைத்து, ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளித் தைத்து விரித்தால், தையலுக்கு அப்பால் நின்ற துணி பின்பக்கம் போய்விடும். அந்த ஓரத்தைத் தையல் விளிம்பு என்று இங்கு சொல்லிக்கொள்வோம். ஆங்கிலத்தில் குவில்ட் எனப்படும் இவ்வகைப் போர்வைகளைத் தைப்போர் இன்று பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீற்றர், விளிம்பு விடுகிறார்கள். சட்டைகளுக்கு விற்கப்படும் அச்சு மாதிரிகளில் இது 5/8 அங்குலம். சட்டை போடுபவர் பருப்பார், பிள்ளை வளரும். பிரித்து விட இடம் வேண்டும். போர்வை வளர்வதில்லை. அதில் விளிம்பு கூடினால் உட்புறம் தடித்து ஊசி இறங்காது. குறைந்தால் நூல் பிரிந்து தையல் வாய் திறந்துவிடும்.

பருத்தித் துணிக்குக் கால் அங்குலம் போதும் என்பதைக் கைகள் பழக்கத்தால் கண்டுபிடித்தன. ஆனால் அது எப்போதும் துல்லியமாகக் கால் அங்குலமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மிகவும் பிந்தி வந்தது. அது எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒன்பது சதுரங்களை ஒரு வரிசையாகத் தைக்கிறோம். எட்டுப் பொருத்துகள். ஒவ்வொரு தையலும் 1/32 அங்குலம் உள்ளே போய்விட்டதென வைத்துக்கொள்வோம். அது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பொருத்தின் இரு பக்கத் துண்டுகளும் அந்த அளவை இழக்கின்றன. ஒரு பொருத்துக்கு 1/16 அங்குலம். எட்டுப் பொருத்துக்கு அரை அங்குலம். அடுத்த வரிசையை வேறொருத்தி சரியாகத் தைத்திருந்தால் இரண்டு வரிசைகளும் சேரா. ஒருத்தியே எல்லாவற்றையும் தைத்தால், அவள் பிழை எங்கும் ஒரே பிழையாக இருக்கும்; போர்வை சற்றுச் சிறுத்தாலும் மூலைகள் சந்திக்கும். பல கைகள் சேரும்போதுதான் சிக்கல்.

பழைய ஆங்கிலேய முறையில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. பிரித்தானியாவின் குவில்ட் கலைஞர் சங்கத்திடம் 1718 என்று ஆண்டும் ஈ.எச். என்ற முதலெழுத்துகளும் பதித்த பட்டு விரிப்பு ஒன்று உள்ளது. அது காகிதத்தின்மேல் தைக்கப்பட்டது. முடிந்த துண்டு எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவில் காகிதத்தை வெட்டி, அதைவிடப் பெரிதான துணியை அதன்மேல் மடித்து இழையோட்டி, மடிந்த ஓரங்களை நுண்ணிய தையலால் இணைப்பார்கள். துல்லியம் முழுவதும் காகிதத்தில் இருக்கிறது. பின்னால் மடியும் விளிம்பு கால் அங்குலமாக இருந்தாலென்ன, அரை அங்குலமாக இருந்தாலென்ன, முன்பக்கம் மாறாது. காகிதம் விலையுள்ள காலமாதலால் பழைய கடிதங்களும் கணக்குத் தாள்களும் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்களும் இதற்குப் பயன்பட்டன. அவற்றை எடுக்காமல் விட்ட போர்வைகளில் இன்றும் அந்த எழுத்துகளைப் படிக்கலாம். 1835 இல் அமெரிக்காவின் 'கோடிஸ் லேடீஸ் புக்' சஞ்சிகை அறுகோணத் துண்டுகளை இவ்வாறு தைக்கும் முறையை வெளியிட்டது.

பல கைகளின் போர்வைகளுள் என்னை மிகவும் கவர்ந்தது 1841 இல் ஒரு கப்பலில் தைக்கப்பட்டது. 'ராஜா' என்ற கப்பல் ஏறத்தாழ 180 பெண் கைதிகளுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு ஜூலை மாதம் தஸ்மேனியாவின் ஹோபாட் துறையை அடைந்தது. சிறைச் சீர்திருத்தத்துக்கு உழைத்த எலிசபெத் ஃபிறை அம்மையாரின் சங்கம், நாடு கடத்தப்படும் பெண்களுக்கு ஊசி, நூல், விரலுறை, கத்தரிக்கோல், துண்டுத் துணிகள் கொண்ட பை ஒன்றைக் கொடுப்பது வழக்கம். அந்தக் கடற்பயணத்தில் 2,815 துண்டுகள் ஒரே விரிப்பாகின. அது இப்போது கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. தையலில் தேர்ந்த கையும் தேராத கையும் அதில் பக்கம் பக்கமாகத் தெரிகின்றன. ஆடும் கப்பலில் அளந்து தைத்தவர்களை நான் குறைசொல்லமாட்டேன்.

அமெரிக்கப் பெண்கள் கையால் தைத்தபோது வேறொரு வழியைக் கைக்கொண்டார்கள். தகரத்திலோ மட்டையிலோ வெட்டிய அச்சைத் துணியின் பின்பக்கம் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார்கள். அந்தக் கோடுதான் தையற்கோடு. அதற்கு வெளியே கண்ணளவில் விளிம்பு விட்டு வெட்டுவார்கள். இரண்டு துண்டுகளின் கோடுகளையும் மூலையில் குண்டூசியால் சந்திக்க வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கும் விளிம்பை எவரும் அளக்கவில்லை. கோட்டை மட்டும் மதித்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெண்கல்விக்கு அமெரிக்க மிஷனுடன் உள்ள தொடர்பு இம்மலரின் வாசகர்களுக்குப் புதிதன்று. 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு தையலும் கற்பிக்கப்பட்டது. பின்னர் எழுந்த பெண்கள் பாடசாலைகள் பலவும் தையலறை ஒன்றை வைத்திருந்தன. எமது பாடசாலையும் விலக்கன்று.

1990களின் முற்பகுதியில் அந்தத் தையலறையில் நாங்கள் படித்தோம். பொருளாதாரத் தடைக் காலம். புதுத்துணி வாங்கித் தையல் பழகுவதென்பது நினைக்கமுடியாதது. தையற்கடையில் கழிக்கும் வெட்டுத்துண்டுகளே எங்கள் துணி. வகுப்பில் 36 பேர் ஆளுக்கொரு சதுரம் வெட்டி ஒரு விரிப்புச் செய்யத் தொடங்கினோம். 36 சதுரங்களும் 36 அளவு. கத்தரிக்கோலில் பழுதில்லை, அடிமட்டங்களில்தான் என்று ரீச்சர் கண்டுபிடித்தா. சில அடிமட்டங்களில் பூச்சியம் விளிம்பிலேயே இருக்கும், சிலவற்றில் சற்று உள்ளே தள்ளியிருக்கும். பிளாஸ்ரிக் தேய்ந்து மூலை போனவையும் இருந்தன. அவ பழைய கலண்டர் மட்டையில் ஓர் அச்சு வெட்டினா. அதை எங்களிடம் தரவில்லை. அதைப் பார்த்து வெட்டிய வேறு மட்டைகளைத்தான் தந்தா. பென்சில் உரசி உரசி மட்டை தேயும். தேய்ந்த மட்டையைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் தேய்வு இரட்டிக்கும். ஆகவே புதிய மட்டை எப்போதும் அலுமாரிக்குள் இருக்கும் தாய் மட்டையிலிருந்தே பிறக்க வேண்டும். அமெரிக்கப் பழைய முறையை அவ எங்கிருந்து அறிந்தா என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னர் மருத்துவ பீடத்தில், காயத்தின் இரு பக்கமும் ஒரே தூரத்தில், ஒரே ஆழத்தில் ஊசி நுழைய வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்கள் படிபோல் ஏறி இறங்கி ஆறும் என்று கற்றபோது, எங்கள் வகுப்பில் அந்தப் பாடத்துக்கு முகம் சுளிக்காதவர்கள் தையலறை பார்த்தவர்களே.

இனி இயந்திரம். எலியாஸ் ஹோவ் 1846 இலும் ஐசாக் சிங்கர் 1851 இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். சிங்கர் நிறுவனம் 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. இயந்திரத்தில் தைப்பவர் பென்சில் கோட்டைப் பார்ப்பதைவிடத் துணியின் ஓரத்தை அழுத்துபாதத்தின் ஓரத்தோடு ஓட்டிச் செல்வது எளிது. பழைய நேர்த்தையல் இயந்திரங்கள் பலவற்றில் ஊசிக்கும் பாதத்தின் வலது ஓரத்துக்கும் இடைவெளி ஏறத்தாழக் கால் அங்குலம். இருந்தும் பலர் கோடு வரைவதை விடவில்லை.

அதை விடவைத்தது ஒரு கத்தி. ஜப்பானின் ஒசாக்காவைச் சேர்ந்த ஓல்ஃபா நிறுவனம் 1979 இல் வட்டத் தகடு உருளும் வெட்டுக்கத்தியைக் கொண்டுவந்தது. கட்டமிட்ட தெளிந்த அடிமட்டத்தை அழுத்திப் பிடித்து அந்தக் கத்தியை உருட்டினால் நாலைந்து அடுக்குத் துணி ஒரே தரத்தில் வெட்டுப்படும். விளிம்பையும் சேர்த்தே வெட்டுகிறார்கள்; 2 அங்குலச் சதுரம் வேண்டுமானால் 2½ அங்குலம். கோடு வரைய நேரமும் இல்லை, தேவையும் இல்லை. அன்றிலிருந்து துணியின் ஓரமே ஒரே ஆதாரம். முன்பு எவரும் அளக்காத விளிம்பு, இப்போது எல்லாரும் அளக்கும் விளிம்பாயிற்று. வேகம் வந்தது, கோடு கொடுத்த பாதுகாப்புப் போயிற்று. என் மனம் இன்னும் பென்சில் பக்கம்தான், ஆனால் நூறு துண்டுக்கு மேல் வரைந்தவர் எவரும் என்னோடு உடன்படமாட்டார்.

இந்த முறையில் சரியாகக் கால் அங்குலத்தில் தைத்தாலும் துண்டு சிறுத்துவிடும் என்பதுதான் வேடிக்கை. துணியை ஒரு பக்கம் மடித்து மினுக்கும்போது மடிப்பும் நூலின் தடிப்பும் கொஞ்சம் இடத்தை விழுங்கிவிடுகின்றன. ஆகவே ஒன்றிரண்டு இழை குறைத்தே தைக்க வேண்டும். சோதனை எளிது: 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டிகளைச் சேர்த்துத் தைத்து மினுக்கினால் மொத்த அகலம் 3½ அங்குலமும் நடுப்பட்டி சரியாக 1 அங்குலமும் இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் துணி ஓடும் வழியை மாற்றி, ஊசிக்குப் பக்கத்தில் தகட்டின்மேல் ஓர் ஒட்டுநாடாவை ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் பாடநூல்கள் சென்ரிமீற்றரில், தையற்காரர் அங்குலத்தில் என்ற இரட்டை வாழ்க்கையும் இங்கே தலைகாட்டும். 6 மில்லிமீற்றரைக் கால் அங்குலமாக எண்ணினால் ஒரு பொருத்துக்கு 0.7 மில்லிமீற்றர் கூடும். 20 பொருத்துக்கு 14 மில்லிமீற்றர்.

ஒரே அளவைக் கேட்பது எப்போதும் கைவினையின் உள்ளிருந்து வருவதன்று. அலபாமா மாநிலத்தின் வில்கொக்ஸ் மாவட்டத்தில் கறுப்பினப் பெண்கள் 1966 இல் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவை அமைத்தார்கள். வாக்குரிமைப் போராட்டக் காலம். வாக்காளராகப் பதிந்ததற்காக வீட்டையும் வேலையையும் இழந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களது போர்வைகள் புளூமிங்டேல்ஸ் போன்ற பெருங்கடைகளுக்குப் போயின. கடைக்கு ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே இருக்க வேண்டும். கண் சொன்னபடி துண்டு சேர்த்துப் பழகிய கைகள் அளவுக்கு வந்தன, பணம் வந்தது. அதே பகுதியின் ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் தங்கள் வீட்டுக்காக, அளவே பாராமல் தைத்தவை 2002 இல் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின.

மருத்துவராக நான் அடிக்கடி நினைப்பது இன்னொரு போர்வை. 1987 இல் சான் பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் தொடங்கிய எயிட்ஸ் நினைவுப் போர்வை. அந்நோயால் இறந்தவருக்கு இறுதிச்சடங்கு செய்யவே சில இடங்களில் மறுத்த காலம் அது. 3 அடி அகலம், 6 அடி நீளம், ஒரு புதைகுழியின் அளவு. ஒவ்வொருவருக்கும் ஒரு துணி. எட்டு சேர்ந்தால் 12 அடிச் சதுரம். அந்த ஆண்டு ஒக்ரோபர் 11 இல் வாஷிங்டனில் 1,920 துணிகள் விரிக்கப்பட்டன. தைத்தவர்களுள் தாய்மார், நண்பர்கள், ஊசியே பிடித்திராதவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர்களிடம் கால் அங்குலம் எவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 அங்குலம் கூடுதலாக விடுங்கள், மடிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். துல்லியத்தை அனுப்புபவரிடமிருந்து எடுத்து, சேர்ப்பவரின் மேசையில் வைத்தார்கள்.

எமது சங்கத்தின் நூற்றாண்டுப் போர்வைக்கும் இதே வழியைக் கைக்கொள்ளும்படி குழுவிடம் கேட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆண்டுக்கு ஒன்றாக 100 சதுரங்கள், பத்துக்குப் பத்து, முடிவில் ஒவ்வொன்றும் 6 அங்குலம். கொழும்பிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் வரும் துணிகள், வெவ்வேறு இயந்திரங்கள், வெவ்வேறு அடிமட்டங்கள். ஆகவே 8 அங்குலமாக வெட்டி அனுப்புங்கள்; எழுத்தும் பூவேலையும் நடுவிலுள்ள 5 அங்குலத்துக்குள் நிற்கட்டும். 6½ அங்குலத்துக்கு வெட்டுவதை இங்கே ஒரு கை, ஒரே அடிமட்டத்தால் செய்யும். முதற் பதினைந்து ஆண்டுகளுக்குரிய சதுரங்களைப் பேத்திமார் தைக்கிறார்கள்.

1995 ஆம் ஆண்டு எங்கள் வகுப்பினுடையது. ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வகுப்பு ஒரே அறையில் மறுபடி இருந்ததில்லை. அந்தச் சதுரத்தை நான்கு நாடுகளிலுள்ள நால்வர் கால்வாசி கால்வாசியாகத் தைக்கிறார்கள். முடிவில் ஒவ்வொன்றும் 3 அங்குலம். நால்வரும் 5 அங்குலமாக அனுப்ப வேண்டும்.