பங்காளிகள்

பங்காளிச் சண்டை வீடுகளுக்கு மட்டும் உரியதல்ல. வைத்திய சாஸ்திரத்திலும் உண்டு. ஒரே நோயை ஒழிக்கப் பிறந்த இரண்டு முறைகள் வெகுகாலம் ஒட்டாமலே இருந்த கதை இது.

1891-ஆம் வருஷம் ஜனவரியில், நியூயார்க்கில் 17 வயதுப் பெண்ணொருத்தி எலும்புப் புற்றுக்கு இரையானாள். கையை வெட்டி எடுத்தும் உயிர் தங்கவில்லை. வைத்தியம் செய்த இளம் டாக்டர் வில்லியம் கோலிக்கு மனம் ஆறவில்லை. ஆஸ்பத்திரியின் பழைய ஏடுகளைப் புரட்டினார். கழுத்தில் புற்றோடு வந்த ஒருவனுக்கு, தோல் சிவந்து கடும் ஜுரம் கண்டதும் கட்டி கரைந்துபோன விவரம் அகப்பட்டது. விடுவாரா? அந்த வருஷமே ஒரு நோயாளிக்கு உயிருள்ள கிருமிகளையே ஊசியில் ஏற்றினார்! பிறகு வந்தவர்களில் சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. கரைத்தது உடம்பின் காவல் படைதான் என்று பிற்காலத்தார் விளக்கினார்கள்.

இதற்குள் 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். கதிரை அளந்து கொடுக்கலாம். ஜுரத்தை அளக்க முடியுமா? கோலி இருந்த மெமோரியல் ஆஸ்பத்திரியிலேயே ஜேம்ஸ் யூயிங் என்ற பெரியவர் கதிரின் பக்கம் நின்றார். கோலி 1936-ல் காலமானார். அவருடைய ஊசியும் மெல்ல மறக்கப்பட்டது.

1992-ல் ஜப்பானிய அறிஞர் டசுக்கு ஹோஞ்ஜோவின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு புரதம் தெரியவந்தது. காவல் படைக்கு அது ஒரு கடிவாளம் என்பது பின்னால் விளங்கிற்று. புற்று அந்தக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத் தப்பித்துக்கொள்கிறது. அதைத் தளர்த்தும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை, மெலனோமா என்னும் தோல் புற்றுக்கு 2014-ல் அமெரிக்கா அனுமதித்தது.

மறு வருஷம் ஆகஸ்டில், முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், தம் மூளையில் நான்கு இடங்களில் மெலனோமா பரவியிருப்பதாக நிருபர்களிடம் சொன்னார். வயது 90. அன்றே கதிர்வீச்சு தொடங்கிற்று; கூடவே அந்த மருந்தும். பங்காளிகள் ஒரு பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்! டிசம்பரில் எடுத்த படத்தில் புற்று தென்படவில்லை. 2024 டிசம்பரில் அவர் மறைந்தபோது வயது 100.

ஆனால், மூளையிலேயே பிறக்கும் கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய புற்றுக்கு, இதே இனத்து மருந்தைக் கதிரோடு சேர்த்துப் பரீட்சித்தார்கள். வழக்கமான மாத்திரையும் கதிரும் கொடுத்ததைவிட ஆயுள் கூடவில்லை என்று 2019-ல் தெரிந்தது.

பங்காளிகள் கூடிவிட்டதாலேயே குடும்பக் கடன் முழுதும் அடைந்துவிடாது. கார்ட்டர் கதையைச் சொல்லி நோயாளிக்குத் தைரியம் கூறப் போகிறவர்கள், எந்தப் புற்று என்பதை முதலில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.