குறியீட்டு மாற்றமும் மொழிபெயர்ப்பும்: கேம்பிரிட்ஜ் பகுப்பாய்வுக் கழக வரலாறு

முன்னுரை

ஓர் அறிவுத்துறையில் ஒரு குறியீட்டு முறை மறைந்து மற்றொன்று நிலைபெறுவது, மொழித் திட்டத்தோடும் மொழிபெயர்ப்போடும் நெருங்கிய தொடர்புடைய நிகழ்வாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1812ஆம் ஆண்டு மாணவர்கள் நிறுவிய பகுப்பாய்வுக் கழகம் இதற்குத் தக்க சான்று. சில ஆண்டுகளே இயங்கிய அக்கழகம் தன் நோக்கத்தை எய்திய முறையையும், அதில் ஒரு மொழிபெயர்ப்பு நூல் பெற்ற இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. புள்ளியும் எழுத்தும்

நுண்கணிதத்தை நியூட்டனும் லைப்னிட்ஸும் தனித்தனியே உருவாக்கினர். முதலில் கண்டவர் யார் என்னும் பூசல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முற்றியது. அதன்பின் ஆங்கிலேயர் நியூட்டனின் குறியீட்டையும் ஐரோப்பாக் கண்டத்தார் லைப்னிட்ஸின் குறியீட்டையும் பற்றி நின்றனர். முன்னவர் மாறியின் மேல் புள்ளியிட்டார். பின்னவர் மாறிக்கு முன் ‘டி’ என்னும் எழுத்தை வைத்தார்.

இது வெறும் வரிவடிவ வேறுபாடன்று. தமிழ் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியைப் போல, நியூட்டனின் புள்ளியும் தான் ஏறிய எழுத்தை விட்டுத் தனித்து நிற்பதில்லை. எம்மாறியைச் சார்ந்து மாற்றம் அளக்கப்படுகிறது என்பதையும் அது வெளிப்படக் காட்டுவதில்லை. ‘டி’யோ முன்னொட்டுப் போலப் பிரித்தறியத் தக்கது. பின்ன வடிவில் எழுதும்போது இரு மாறிகளும் வெளிப்படையாக நிற்கும்; தனியே பிரித்து ஒரு செயலியாகக் கையாளவும் இயலும். ஆய்லர், லாப்லாஸ் முதலியோரின் நூல்களைப் பயிலப் புள்ளி முறை மட்டும் அறிந்த கேம்பிரிட்ஜ் மாணவர் இடர்ப்பட்டனர். அப்பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வுட்ஹவுஸ் 1803இல் கண்டத்துக் குறியீட்டைக் கையாண்டு நூல் எழுதியும் பாடத்திட்டம் மாறவில்லை.

2. நகைச்சுவையில் தோன்றிய கழகம்

விவிலியத்தை விளக்கவுரையோடு வழங்குவதா, உரையின்றி வழங்குவதா என்னும் விவாதம் அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் சூடுபிடித்திருந்தது. இருபது வயது மாணவரான சார்லஸ் பாபேஜ் இதைக் கேலி செய்து, பிரெஞ்சுக் கணித அறிஞர் லக்ருவாவின் நுண்கணித நூலை மொழிபெயர்த்துப் பரப்புவதற்கெனக் கழகமொன்றுக்குத் திட்டம் வரைந்தார். அந்நூல் நிறைவுடையதாதலின் அதற்கு உரையே வேண்டா என்பது அத்திட்டத்தின் ஒரு கூறு. வேடிக்கையாக எழுதப்பட்ட அது எட்வர்ட் பிராம்ஹெட் என்னும் மாணவரின் முயற்சியால் உண்மைக் கழகமாயிற்று. ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகியோரும் உறுப்பினராயினர்.

கழகத்தார் அறையொன்றை வாடகைக்கு எடுத்துக் கட்டுரைகள் படித்தனர். 1813இல் அவர்களது ஆய்வுத் தொகுதி ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதற்குப் பாபேஜ் பரிந்துரைத்த தலைப்பு மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. ‘டி-இசம்’ என்பது ‘டி’ கொள்கையையும், இறைவெளிப்பாட்டை ஏற்காது பகுத்தறிவால் கடவுளை ஏற்கும் கொள்கையையும் ஒருங்கே குறித்தது. ‘டாட்-ஏஜ்’ என்பது புள்ளிக் காலத்தையும் முதுமையின் அறிவுத் தளர்ச்சியையும் குறித்தது. இச்சிலேடை தமிழில் பெயர்க்க இயலாதது. எனினும், எழுத்து வடிவை ஒட்டிய பூசல் சமயப் பூசலின் சொற்களிலேயே பேசப்பட்டதை அது காட்டுகிறது.

தொகுதியின் கட்டுரைகள் பாபேஜும் ஹெர்ஷலும் எழுதியவை. பயிலும் மாணவர்க்கு அவை மிகக் கடினமானவை. உறுப்பினர்கள் பட்டம் பெற்றுப் பிரிந்தபின் கழகமும் செயலற்றது. இரண்டாம் தொகுதி வெளிவரவில்லை.

3. உரை வேண்டா நூலுக்கு உரை

கழகம் கலைந்த பின்னரே அதன் முதன்மைப் பணி நிறைவேறியது. பாபேஜ் தொடங்கி இடைநின்ற லக்ருவா மொழிபெயர்ப்பைப் பீகாக்கும் ஹெர்ஷலும் முடித்து 1816இல் வெளியிட்டனர். உரையே வேண்டா என்று கேலியாகச் சொல்லப்பட்ட நூல், பீகாக்கின் விரிவான குறிப்புகளோடும் ஹெர்ஷலின் பின்னிணைப்போடும் வெளிவந்தது.

அக்குறிப்புகள் அருஞ்சொற்பொருள் கூறுவதோடு நிற்கவில்லை. லக்ருவா இந்நூலில் ‘எல்லை’ என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர்களோ சார்பைத் தொடராக விரித்து அதன் கெழுக்களிலிருந்து வகைக்கெழுவைப் பெறும் லக்ராஞ்சின் முறையே செவ்வியது எனக் கருதினர். ஆயினும் மூலத்தைத் திருத்தாது, மறுப்பை முன்னுரையிலும் குறிப்பிலும் தனியே வைத்தனர். 1821இல் பிரெஞ்சு அறிஞர் கோஷி எல்லைக் கருத்தின் மீதே பகுப்பாய்வை நிறுவினார். அடுத்த ஆண்டில் லக்ராஞ்ச் முறையின் குறையையும் எடுத்துக்காட்டினார். பிற்காலக் கணிதம் ஏற்றது மூலத்தின் அடிப்படையையே. மூலமும் மறுப்பும் வேறு வேறாக நின்றதால், மொழிபெயர்ப்பாளர் தள்ளிய கருத்தும் மாணவர் கைக்குச் சிதையாமல் சென்றது.

4. தேர்வுத்தாளின் ஆற்றல்

1817இல் பட்டத் தேர்வை நடத்தும் பொறுப்பு பீகாக்கிடம் வந்தது. அவர் தம் வினாக்களில் ‘டி’ குறியீட்டைப் புகுத்தினார். உடன் பணியாற்றிய தேர்வாளர் புள்ளியையே தொடர்ந்தார். 1819இல் பீகாக் மீண்டும் அப்பொறுப்பை ஏற்றபோது உடனிருந்தவர் பழைய கழக உறுப்பினரான குவாட்கின். இருவரும் ‘டி’யையே கையாண்டனர். 1820இல் பீகாக், ஹெர்ஷல், பாபேஜ் மூவரும் இணைந்து பயிற்சிக் கணக்குத் தொகுப்பை வெளியிட்டனர். வினாத்தாளில் வருவதைக் கல்லூரிகள் கற்பித்தாக வேண்டும். வுட்ஹவுஸின் நூலால் இயலாததைத் தேர்வும் பயிற்சி நூலும் மூன்றாண்டுகளில் செய்தன.

இம்மாற்றம் முழுவதையும் கழகத்திற்கே உரியதாக்குவது பொருந்தாது. ஸ்காட்லாந்து அறிஞர் வில்லியம் வாலஸ் 1815இலேயே கண்டத்துக் குறியீட்டில் விரிவான கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதியிருந்தார். கேம்பிரிட்ஜின் உள்ளே அதை வழக்காக்கியதே கழகத்தாரின் தனிப்பணி.

முடிவுரை

கழகத்தின் ஆய்வுத் தொகுதியைக் காட்டிலும் மொழிபெயர்ப்பும் தேர்வுத்தாளுமே குறியீட்டை மாற்றின. குறியீடு சிந்தனையை ஆளும் வகை பற்றிய ஆர்வம் உறுப்பினர்களிடம் பின்னும் தொடர்ந்தது. குறிகள் கணிதச் சிந்தனைக்கு உதவும் முறை பற்றிப் பாபேஜ் எழுதிய கட்டுரை 1827இலும், பீகாக்கின் இயற்கணித நூல் 1830இலும் வெளிவந்தன. பழைய புள்ளியும் முற்றிலும் அழியவில்லை. காலத்தைச் சார்ந்த மாற்றத்தைக் குறிக்க இயக்கவியலார் இன்றும் அதையே இடுகின்றனர். சாரா மாறி காலமே என்பது தெளிவாக உள்ள இடத்தில் சுருக்கமே பயன் தருகிறது. தள்ளப்பட்ட வடிவம் தனக்குப் பொருந்திய வழக்கிடத்தில் எஞ்சி நிற்கும் என்பது, மொழி வரலாற்றைப் போலவே குறியீட்டு வரலாற்றுக்கும் பொருந்துகிறது.